அண்ணனைக் காணோம்: ஏழு வருடமும் ஒரு விளம்புகை வழக்கும்

2014 ஆகஸ்ட் 19, செவ்வாய்க்கிழமை. விடியற்காலை நாலரை மணிக்கு அண்ணன் எழுந்து குளித்துவிட்டு, மணலி யார்டில் நிறுத்தியிருந்த டிரெய்லரை எடுக்கக் கிளம்பினார். கன்டெய்னர் வண்டி ஓட்டுநர். எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குள் நுழைய வரிசையில் நின்றால் ஒரு பகல் ஒரு இரவு போய்விடும். அதனால் அன்று ராத்திரி அவர் வரவில்லை என்று வீட்டில் யாரும் பதறவில்லை. மறுநாள் மத்தியானம் யார்டிலிருந்து ஒரு பையன் வந்து, "அண்ணனுக்கு உடம்பு சரியில்லையா? நேத்து வண்டி எடுக்கவே வரலையே" என்று கேட்டான். அப்போதுதான் போன் போட்டோம். சுவிட்ச் ஆஃப்.

அதற்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு சேதியும் இல்லை. கடன் தொல்லை கிடையாது, வீட்டில் சண்டை கிடையாது, குடிப்பழக்கம் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவில் எல்லாரும் இதைத்தான் கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லிச் சொல்லியே அண்ணி பாதியாக மெலிந்து போனார்.

நம் பக்கத்தில் காணாமல் போனவர்களின் குடும்பங்கள் நிறைய உண்டு. கடலுக்குப் போனவர், லாரியில் போனவர், ஞாபக மறதியில் கதவைத் திறந்துகொண்டு நடந்துபோன பெரியவர். அந்த வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த சட்டம் ஒன்றுதான்: "ஏழு வருஷம் ஆனா செத்ததா கணக்கு." எனக்கும் அவ்வளவுதான் தெரிந்திருந்தது. அது பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்பான பாதியால் நாங்கள் பணமும் காலமும் இழந்தோம். இன்னொரு வீடு இழக்கக் கூடாது என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதல் தப்பு காவல் நிலையத்தில் நடந்தது. மூன்றாவது நாள் போய்ப் புகார் கொடுத்தோம். எழுதி வாங்கிக்கொண்டு ஒரு சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். "வந்துடுவாரும்மா, ஆம்பளைதானே" என்றார் அங்கிருந்தவர். அந்த ரசீதைப் பத்திரமாகப் பீரோவில் வைத்துவிட்டு வழக்குப் பதிவாகிவிட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தோம். சி.எஸ்.ஆர். என்பது மனு வந்து சேர்ந்ததற்கான ரசீது மட்டும். 'ஆள் காணவில்லை' என்று எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் அது வழக்கு. எட்டு மாதம் கழித்து, வக்கீலிடம் வேலை பார்க்கிற என் நண்பன் பார்த்துச் சொன்ன பிறகு, மறுபடி மனு எழுதி, மேலதிகாரிக்கும் பதிவுத் தபாலில் அனுப்பி, 2015 ஏப்ரலில்தான் எஃப்.ஐ.ஆர். வாங்கினோம்.

இதனால் ஏழு வருடக் கணக்கு எட்டு மாதம் தள்ளிப் போய்விடவில்லை. சட்டம் எண்ணுவது எஃப்.ஐ.ஆர். தேதியிலிருந்து இல்லை, அவரைப் பற்றிக் கடைசியாகச் சேதி இருந்த நாளிலிருந்து. ஆனால் அந்த நாளைக் காட்ட நம் கையில் இருக்கிற பலமான தாள் எஃப்.ஐ.ஆர்.தான். தேதி பிந்திய எஃப்.ஐ.ஆரை வைத்துக்கொண்டு, "இவர் எட்டு மாதம் முன்னாடியே போய்விட்டார்" என்று சொன்னால் கூடுதலாக விளக்க வேண்டி வரும். எங்களைக் காப்பாற்றியது அந்தப் பழைய சி.எஸ்.ஆர். ரசீதின் தேதிதான். மத்திய அரசு ஊழியர் காணாமல் போனால் விஷயம் இன்னும் அவசரம். எஃப்.ஐ.ஆர். பதிவான நாளிலிருந்து ஆறு மாதம் ஆனாலே குடும்ப ஓய்வூதியம் கேட்கலாம் என்று விதி இருக்கிறது. அங்கே எட்டு மாதம் தாமதம் என்றால் அந்தக் குடும்பம் எட்டு மாதம் பட்டினி கிடக்க வேண்டியதுதான்.

நாங்கள் தேடாத இடமில்லை. நெல்லூர், கிருஷ்ணப்பட்டினம், தூத்துக்குடி என்று டிரெய்லர் போகிற ஊர்களுக்கெல்லாம் போனோம். அடையாளம் தெரியாத உடல் என்று தகவல் வரும்போதெல்லாம் நான் ஸ்டான்லி மருத்துவமனைப் பிணவறை வாசலில் போய் நின்றேன். நான்கு முறை. நான்கு முறையும் வெளியே வந்து முதலில் அண்ணிக்குப் போன் செய்து "இல்ல அண்ணி" என்று மட்டும் சொல்வேன். அந்த இரண்டு வார்த்தைக்காக அவர் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு காத்திருப்பார்.

அண்ணியிடம் ஒரு மஞ்சப்பை இருந்தது. பெரம்பூரில் ஏதோ ஒரு கல்யாணத்தில் தாம்பூலத்தோடு கொடுத்த பை. நெல்லூர் போன பஸ் டிக்கெட், நோட்டீஸ் அடித்த அச்சகத்தின் பில், நாளிதழில் 'காணவில்லை' விளம்பரம் கொடுத்த ரசீது, வந்த விளம்பரத்தின் கத்தரித்த துண்டு, அதிகாரிகளுக்கு அனுப்பிய மனுக்களின் பதிவுத் தபால் ஒப்புகை அட்டைகள் என்று எல்லாவற்றையும் அதில் போட்டு வைத்தார். கூடவே மகளின் பழைய நோட்டு ஒன்று. யார் எங்கே பார்த்ததாகச் சொன்னார்கள், எந்தத் தேதியில் யார் போய் விசாரித்தோம் என்று அதில் வரிவரியாக எழுதியிருப்பார். நான்கூட ஒரு சமயம், "இந்த டிக்கெட்டை எல்லாம் எதுக்கு அண்ணி வெச்சிருக்கீங்க" என்று கேட்டேன். "உங்க அண்ணன் வந்தா காட்டணும் தம்பி, நாங்க சும்மா இல்லன்னு" என்றார். அந்தப் பைதான் பிறகு நீதிமன்றத்தில் வா.சா.ஆ. 3, வா.சா.ஆ. 4 (வாதி தரப்புச் சான்றாவணம்) என்று வரிசையாக எண் போடப்பட்டு ஆவணமானது. டிக்கெட்டில் மை மங்கியிருந்தது. மங்கும் முன்னே நகல் எடுத்து வைத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இந்த நிலைமையில் இருக்கிறவர்கள் அதை இன்றே செய்துவிடுங்கள்.

இரண்டாவது தப்பு காப்பீட்டில். அண்ணன் 2012-இல் இரண்டு லட்ச ரூபாய்க்கு ஓர் ஆயுள் காப்பீடு எடுத்திருந்தார். ஆறு மாதத்துக்கு ஒரு முறை 2,340 ரூபாய். அவர் போன பிறகு வீட்டில் வருமானமே இல்லை, அண்ணி தையல் மிஷின் வாங்கி உட்கார்ந்த காலம் அது. முகவர் வந்து, "ஆளே இல்லாதப்ப எதுக்குக் கட்டிக்கிட்டு? ஏழு வருஷம் கழிச்சுக் காணாம போன தேதியில இறந்ததா கோர்ட்டு சொல்லிடும், மொத்தமா வாங்கிக்கலாம்" என்றார். அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. ஆனால் அது சுத்தமாகத் தப்பு.

காணாமல் போன தேதியில் இறந்ததாக எந்த நீதிமன்றமும் தானாக எடுத்துக்கொள்ளாது. எல்.ஐ.சி. எதிர் அனுராதா என்ற வழக்கில் 2004-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. ஏழு வருடம் சேதி இல்லை என்றால் ஒருவர் இறந்துவிட்டார் என்று அனுமானிக்கலாம், எப்போது இறந்தார் என்று அனுமானிக்க முடியாது. போன அன்றைக்கா, மூன்றாவது வருடமா, ஏழாவது வருடம் முடிந்த நாளா என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. இந்தத் தேதியில் இறந்தார் என்று யார் சொல்கிறார்களோ அவர்கள்தான் ஆதாரம் காட்டி நிரூபிக்க வேண்டும். அந்த அனுமானமும் ஏழு வருடம் முடிந்த மறுநாள் தானாக வந்துவிடாது. நீதிமன்றத்திலோ அதை முடிவு செய்கிற அதிகாரி முன்னாலோ கேள்வி எழுந்து, அந்த நாளில் அவர் உயிரோடு இருக்கிறாரா என்று பார்க்கும்போதுதான் வரும். அப்படியென்றால் அந்த நாள் வரை பாலிசி உயிரோடு இருந்தால்தான் பணம். எங்களுடையது 2015-லேயே காலாவதி. மூன்று வருடம் முழுதாகக் கட்டாததால் கட்டிய பணத்துக்கும் மதிப்பு வரவில்லை. ஏழு வருடத்துக்குக் கணக்குப் போட்டால் 32,760 ரூபாய் கட்டியிருக்க வேண்டும். அண்ணனுடைய நண்பர்கள் நாலு பேரிடம் கேட்டிருந்தால் கொடுத்திருப்பார்கள். கேட்கத் தெரியவில்லை. இரண்டு லட்சம் போனது எனக்கு இன்னும் ஆறவில்லை, அது என் அண்ணன் மகளின் படிப்புக்கென்று அவர் எடுத்தது.

2021 ஆகஸ்டில் ஏழு வருடம் முடிந்தது. வாரிசு சான்றிதழ் கேட்டு வட்டாட்சியர் அலுவலகம் போனோம். இறப்புச் சான்றிதழ் கொண்டுவரச் சொன்னார்கள். அதற்குப் போனால் நீதிமன்றத் தீர்ப்பு வேண்டும் என்றார்கள். இடையில் ஒருவர் நல்ல எண்ணத்தில், "கணவரால் கைவிடப்பட்டவர்னு எழுதிக் கொடுங்கம்மா, அதுக்கு ஒரு உதவித்தொகை இருக்கு" என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "அவர் என்னைக் கைவிடல சார்" என்றார். நான் வற்புறுத்தவில்லை.

வழக்குப் போட வேண்டும், கையில் காசில்லை. இங்கேதான் எங்களுக்கு ஒரு நல்லது நடந்தது. 1987-ஆம் வருடத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசமாக வக்கீல் வைத்துக் கொடுக்க வேண்டும். இது நிறையப் பேருக்குத் தெரியாது. ஏழைகளுக்கு மட்டும் என்று நினைக்கிறார்கள். உயர் நீதிமன்ற வளாகத்தில் இருந்த சட்டப்பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் அண்ணி ஒரு மனு எழுதிக் கொடுத்தார், ஆதார் நகல் இணைத்தார், ஒரு வக்கீலம்மாவை நியமித்துக் கொடுத்தார்கள். நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற எண்ணுக்குப் பேசலாம்.

வக்கீலம்மா மஞ்சப்பையைக் கொட்டி முழுதும் பார்த்தார். பிறகு, யாரெல்லாம் வாரிசு என்று கேட்டார். அம்மா, அண்ணி, மகள். மூன்று பேரும் வாதிகளாகச் சேர வேண்டும், ஒருவர் விட்டுப்போனாலும் பின்னால் சிக்கல் என்றார். அரசு அதிகாரிகள் பிரதிவாதிகள். அவர்களுக்கு முதலில் இரண்டு மாத அறிவிப்பு அனுப்ப வேண்டும், அதற்குப் பிறகுதான் வழக்கு. அதனால் அக்டோபரில் அறிவிப்பு அனுப்பி, 2022 ஜனவரியில் உரிமையியல் நீதிமன்றத்தில் விளம்புகை வழக்கு, அதாவது ஒரு விஷயத்தை இப்படித்தான் என்று அறிவிக்கச் சொல்லி நீதிமன்றத்தைக் கேட்கிற வழக்கு, தாக்கல் ஆனது. 'ஆகஸ்ட் 19 அன்று இறந்ததாக அறிவிக்கவும்' என்றுதான் நான் எழுதிக் கொண்டுபோயிருந்தேன். அவர் அந்தத் தேதியை அடித்தார். "அந்தத் தேதியைக் கேட்டீங்கன்னா அதை நீங்க நிரூபிக்கணும். எதை வெச்சு நிரூபிப்பீங்க? ஏழு வருஷத்துக்கு மேல சேதி இல்லை, அதனால இறந்ததா அனுமானிச்சு அறிவிக்கணும்னு மட்டும் கேப்போம்" என்றார்.

எல்லாம் சரி, அம்மாதான் வரமாட்டேன் என்றுவிட்டார்.

"இன்னாடா சொல்ற நீ? பெத்தவ நானே போய் என் புள்ள செத்துட்டான்னு கோர்ட்டுல சொல்லணுமா? எங்கனா கீறான்டா அவன். நீங்க வேணா சொல்லிக்கோங்க." வக்காலத்தில் கையெழுத்துப் போட்டதே எனக்காகத்தான். சாட்சி சொல்ல மாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அண்ணியும் உள்ளூர அம்மா பக்கம்தான். கழுத்தில் தாலியோடு போய் நின்று அதைச் சொல்ல அவராலும் முடியவில்லை. ஆனால் அம்மா சாட்சி சொல்வது முக்கியம். சட்டத்தில் இருக்கிற வார்த்தைகளே அப்படி: ஒருவர் உயிரோடு இருந்தால் இயல்பாக யாருக்கெல்லாம் சேதி வந்திருக்குமோ, அவர்களுக்கு ஏழு வருடமாகச் சேதி வரவில்லை என்று காட்ட வேண்டும். என் அண்ணன் உயிரோடிருந்தால் யாருக்கு முதலில் சேதி சொல்வார்? அம்மாவுக்குத்தான்.

வக்கீலம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கே வந்தார். அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு நிதானமாகப் பேசினார்.

"அம்மா, உங்க பையன் செத்துட்டார்னு நீங்க சொல்லவே வேணாம். யாரும் உங்களை அப்படிச் சொல்லச் சொல்ல மாட்டாங்க. சட்டம் அதைக் கேக்கல. முப்பது வருஷத்துக்குள்ள உயிரோட இருந்தவர்னு தெரிஞ்சா, அவர் செத்துட்டார்னு சொல்றவங்கதான் நிரூபிக்கணும். அது ஒரு விதி. ஆனா ஏழு வருஷமா வீட்டு மனுஷங்களுக்கே சேதி இல்லைன்னா அந்தப் பாரம் இந்தப் பக்கத்துல இருந்து அந்தப் பக்கம் போயிடும். அவர் உயிரோட இருக்கார்னு சொல்றவங்க அதை நிரூபிக்கணும். யாராவது வந்து நிரூபிச்சா நமக்குச் சந்தோஷம்தானே? நீங்க வந்து, எனக்குச் சேதி வரலைன்னு சொல்லுங்க. அது உண்மைதானே?"

அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, "அவன் திரும்பி வந்தா?" என்று கேட்டார்.

"வந்தா இந்தத் தீர்ப்பு அவரைத் தடுக்காது. அனுமானம்தானே, ஆள் வந்து நின்னா அதோட முடிஞ்சுது. அவரோட சொத்தை அவர் கேக்கலாம்."

"அப்ப சரி" என்றார் அம்மா.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எனக்கும் விஷயம் புரிந்தது. அதுவரை நானும் இதை ஒரு சாவு அறிவிப்பு என்றே நினைத்து, குற்ற உணர்ச்சியோடுதான் அலைந்துகொண்டிருந்தேன். யார் எதை நிரூபிக்க வேண்டும் என்பதைப் பற்றிய விதி அது. அவ்வளவே. பழைய சாட்சியச் சட்டத்தில் 107, 108-ஆம் பிரிவுகள். 1872-இல் வந்த சட்டம். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்திருக்கிற பாரதிய சாட்சிய அதிநியமத்தில் அதே விதி 110, 111 என்று எண் மாறியிருக்கிறது. இப்போது வழக்குப் போடுகிறவர்கள் புது எண்ணைக் குறிப்பிட வேண்டும். காணாமல் போனது எந்த வருடமாக இருந்தாலும் ஏழு வருடம் மாறவில்லை.

நீதிமன்ற வராந்தாவில் வாய்தாவுக்குக் காத்திருக்கும்போது அறிமுகமான ஒரு பெண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருவொற்றியூர்ப் பக்கம். அவருடைய கணவரும் மாமனாரும் ஒரே பைக்கில் போய், ஒரே லாரியில் அடிபட்டு, இருவரும் இறந்துவிட்டார்கள். அவருக்கு ஒரு சின்னப் பையன். மாமனார் பெயரில் ஒரு வீடு. மாமியாரும் கல்யாணமான நாத்தனாரும் உண்டு. பங்கு பிரிக்கும்போது ஒரு கேள்வி வந்தது: அப்பா, மகன் இருவரில் யார் முதலில் இறந்தது?

அவர் சொன்னபோதுதான் இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்றே எனக்குத் தெரியும். இந்து வாரிசுரிமைச் சட்டம், 1956, பிரிவு 21. இரண்டு பேர் இறந்து, யார் முதலில் இறந்தார் என்று தெரியாத நிலை இருந்தால், சொத்து விஷயத்துக்கு வயதில் மூத்தவர் முதலில் இறந்தார், இளையவர் பிழைத்திருந்து பின்னால் இறந்தார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு நிமிடம் பிழைத்திருந்தாலும் பங்கு மாறிவிடும். அவர் வீட்டுக் கணக்கை நான் அங்கேயே ஒரு வாய்தாத் தாளின் பின்பக்கம் போட்டுப் பார்த்தேன். மகன் அப்பாவுக்குப் பின் இறந்தார் என்றால், வீடு முதலில் மாமியார், மகன், நாத்தனார் என்று மூன்றாகும். மகனுடைய மூன்றில் ஒரு பங்கு மறுபடி அவருடைய அம்மா, மனைவி, பையன் என்று மூன்றாகும். இந்தப் பெண்ணுக்கு ஒன்பதில் ஒன்று, பையனுக்கு ஒன்பதில் ஒன்று. மகன்தான் முதலில் இறந்தார் என்றால், முன்னாலேயே இறந்த மகனின் கிளைக்கு வருகிற மூன்றில் ஒன்று முழுதும் மனைவிக்கும் பையனுக்கும் மட்டும். ஆளுக்கு ஆறில் ஒன்று. தாயும் பிள்ளையும் சேர்ந்து ஒன்பதில் இரண்டு பெறுவதா, மூன்றில் ஒன்று பெறுவதா என்பது அந்தச் சில நிமிடங்களைப் பொறுத்தது.

ஆனால் சட்டத்திலேயே 'மாறாக நிரூபிக்கப்படும் வரை' என்று ஒரு வாசகம் இருக்கிறது. தெரியாத இடத்தில்தான் வயதைப் பார்ப்பார்கள். தெரிந்தால் தெரிந்ததுதான். மகன் சாலையிலேயே இறந்துவிட்டார், மாமனாரை ஆம்புலன்ஸில் ஏற்றும்போது மூச்சு இருந்தது என்று அங்கிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். மருத்துவமனையில் விபத்துக் கேஸ் வந்தால் ஏ.ஆர். என்று ஒரு பதிவேட்டில் எத்தனை மணிக்கு, எந்த நிலையில் கொண்டுவந்தார்கள் என்று எழுதுவார்கள். அந்த ஏ.ஆர். நகலுக்காகத்தான் அவர் அலைந்துகொண்டிருந்தார். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதில் இரண்டு பிரேதப் பரிசோதனை அறிக்கைகள். ஒரு மனுஷி இதையெல்லாம் சுமந்துகொண்டு நிற்க வேண்டியிருக்கிறதே என்று அண்ணி அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விபத்தில் ஒரே குடும்பத்தில் இருவர் போன வீடுகளுக்கு நான் சொல்வது, காரியம் முடிந்த கையோடு இறந்த நேரத்தைக் காட்டுகிற தாள்களை வாங்கி வைத்துவிடுங்கள். ஆம்புலன்ஸ் பதிவு, ஏ.ஆர். நகல், பிரேதப் பரிசோதனை அறிக்கை. வருடம் ஆக ஆக வாங்குவது கஷ்டம்.

இந்த மூத்தவர் இளையவர் விதி இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் இருக்கிறது. ராயபுரம், காசிமேடு பக்கத்தில் கிறிஸ்தவக் குடும்பங்கள் நிறைய, அவர்களுக்கு இது பொருந்தாது. அவர்களுக்கான 1925-ஆம் வருடத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தில், உயில் எழுதியவரும் உயிலில் பங்கு பெறுகிறவரும் ஒரே கப்பல் விபத்தில் இறந்து, யார் முன்னால் என்று தெரியாவிட்டால் அந்தப் பங்கு அற்றுப்போகும் என்று எடுத்துக்காட்டே கொடுத்திருக்கிறார்கள். அதனால் உயில் எழுதுகிறவர்கள், 'எனக்கு முன்னால் அல்லது என்னோடு இவர் இறந்தால் இன்னாருக்கு' என்று ஒரு வரி சேர்த்து எழுதிவிடுவது நல்லது.

கடலோரத்தில் இருக்கிறவர்கள் சுனாமியைப் பற்றிக் கேட்பார்கள். 2004 டிசம்பர் 26-இல் காணாமல் போனவர்களின் குடும்பங்களை ஏழு வருடம் காத்திருக்க வைக்கவில்லை. விசாரணை நடத்தி இறப்புச் சான்றிதழ் கொடுக்கத் தனி நடைமுறை வந்தது. பேரிடர் என்றால் அரசு அப்படி உத்தரவு போட முடியும். வேலைக்குக் கிளம்பிப் போய் வராத ஒரு டிரைவருக்கு அப்படி எந்த உத்தரவும் இல்லை.

2022 நவம்பரில் அம்மா சாட்சிக் கூண்டில் ஏறினார். தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் உயர் நீதிமன்ற நிலையத்துக்கு வந்து இறங்கியதுமே கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டார். ஆனால் டவாலி பெயர் கூப்பிட்டதும் யார் கையையும் பிடிக்காமல் நடந்து போனார். நிரூபண வாக்குமூலத்தை எழுதியே கொடுத்திருந்தோம். அரசுத் தரப்பு வக்கீல் குறுக்கு விசாரணையில் ஒன்றிரண்டு கேள்விதான் கேட்டார். "உங்கள் மகன் வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருக்கலாம் அல்லவா?"

"இருந்தா பரவால்ல சார்" என்றார் அம்மா. "ஆனா எங்க இருந்தாலும் பொங்கலுக்கு எனக்குப் போன் பண்ணிடுவான். வண்டியோட ஆந்திராவுல மாட்டிக்கிட்டப்பக்கூடப் பண்ணான். எட்டுப் பொங்கல் ஆச்சு. வரல."

நீதிபதி தலை நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். "அந்தப் போன் நம்பர் இன்னும் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேட்டார். இருக்கிறது. அம்மாவின் எண்ணை நாங்கள் மாற்றவே இல்லை. வீடும் மாறவில்லை. இதை வக்கீலம்மா வாதத்தில் எடுத்துச் சொன்னார்: தொடர்புகொள்ள நினைத்தால் அவருக்கு எண்ணும் தெரியும், முகவரியும் தெரியும். வீடு மாற்றி, நம்பர் மாற்றியிருந்தால் "உங்களைக் கண்டுபிடிக்க முடியாமல் இருந்திருக்கலாமே" என்று ஒரு கேள்வி வந்திருக்கும். காவல் நிலையத்திலிருந்து 'கண்டுபிடிக்க முடியவில்லை' என்று எழுத்தில் வாங்கியதும், நாளிதழில் நீதிமன்ற அறிவிப்பு வெளியிட்டு யாரும் வரவில்லை என்பதும் மீதியைச் செய்தன.

2023 ஜூலையில் தீர்ப்பாணை வந்தது. அதைக் கொண்டுபோய்க் கொடுத்து இறப்புச் சான்றிதழும், அதை வைத்து வாரிசு சான்றிதழும் வாங்கினோம். வங்கியில் அண்ணன் கணக்கில் இருந்த பதினெட்டாயிரத்துச் சொச்சம் தீர்ப்பாணை இல்லாமலே கிடைத்திருக்கக்கூடியது என்பது பிறகுதான் தெரிந்தது. காணாமல் போனவர் கணக்கில் சின்னத் தொகை இருந்தால், வங்கி தனக்கென்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு, எஃப்.ஐ.ஆர்., போலீஸ் கொடுக்கிற கண்டுபிடிக்க முடியாத அறிக்கை, ஒரு பிணைப்பத்திரம் இவற்றை மட்டும் வாங்கிக்கொண்டு கொடுக்கலாம் என்று ரிசர்வ் வங்கி 2008-லேயே சொல்லியிருக்கிறது. ஏழு வருடம் முடிந்ததும் முதலில் வங்கியில் இதைக் கேளுங்கள்.

மறுமணம் பற்றியும் சிலர் கேட்டதால் இதை மட்டும் சொல்கிறேன். இறப்பு அனுமானத் தீர்ப்பு வேறு, விவாகரத்து வேறு. ஏழு வருடம் சேதி இல்லை என்பது இந்து திருமணச் சட்டத்தில் விவாகரத்துக்குத் தனிக் காரணமாகவே இருக்கிறது. முஸ்லிம் பெண்களுக்கு 1939-ஆம் வருடத்துச் சட்டப்படி கணவர் இருக்கும் இடம் தெரியாமல் நான்கு வருடம் ஆனாலே திருமணத்தை ரத்து செய்யக் கேட்கலாம். எந்த வழி பொருந்தும் என்று குடும்ப நல வழக்குப் பார்க்கிற வக்கீலிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

கடைசியாக வீடு. அப்பா 2009-இல் இறந்தவர். 450 சதுர அடி, தகரக் கூரை. அம்மா, அண்ணன், நான் என்று மூன்று பங்கு. அண்ணன் கையெழுத்து இல்லாததால் ஒன்பது வருடம் அதில் ஒரு செங்கல் மாற்றி வைக்க முடியவில்லை. கூரையை மாற்றக் கடன் கேட்டால் எல்லா வங்கியும் அவர் கையெழுத்தைத்தான் கேட்டது. இப்போது அண்ணனின் மூன்றில் ஒரு பங்கு அம்மா, அண்ணி, மகள் மூன்று பேருக்கும் சமமாக வந்தது. தன் மகனின் பங்கில் தனக்கு வந்த பாகத்தை மருமகளுக்கும் பேத்திக்கும் விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிவிட வேண்டும் என்று அம்மா சொன்னார். அதை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

பத்திர எழுத்தர் டைப் செய்து கொண்டுவந்து படித்துக் காட்டினார். அண்ணன் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று இருந்தது. அம்மா நிறுத்தச் சொன்னார்.

"அது வேணாம் சார். கோர்ட்டுல எப்படி எழுதியிருக்கோ அப்படியே எழுதுங்க."

எழுத்தர் என்னைப் பார்த்தார். நான் தீர்ப்பாணையை எடுத்துக் கொடுத்தேன். அவர் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, 'நீதிமன்றத் தீர்ப்பாணையின்படி இறந்ததாக அனுமானிக்கப்பட்ட' என்று அடித்தார். வரி நீண்டு அடுத்த வரிக்குப் போனது, அதனால் அந்தப் பக்கம் முழுதையும் மறுபடி அச்செடுக்க வேண்டியிருந்தது. அச்செடுத்து வரும்வரை காத்திருந்து, இன்னொரு முறை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, அம்மா கையெழுத்துப் போட்டார்.